கட்டுப் போடாத ஆபரேஷன்

கலியாணசுந்தரம் குடிக்க மாட்டார். பெரிய காஞ்சிபுரத்தில் அவர் இருக்கும் நெசவாளர் தெருவில் இது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் இருக்க அவர் யாரையும் விட்டதில்லை. பத்திரிகை வைக்க வருகிறவரிடம் முகூர்த்த நேரத்தைக் கேட்பதற்கு முன்னால் மாப்பிள்ளை குடிப்பாரா என்று கேட்பார். சாயங்காலம் தள்ளாடிக்கொண்டு வருகிறவனைக் கையைப் பிடித்து நிறுத்தி, அவனுக்குத் தெளிகிற வரைக்கும் புத்தி சொல்லுவார். ஏறினது வீணாக இறங்குகிறதே என்று குடிக்கிறவர்கள் பின்தெரு வழியாக வீட்டுக்குப் போகப் பழகினார்கள். இப்படியாக முப்பது வருஷத்தில் அவர் தம் தெருவிலிருந்து குடியை ஒழித்துவிட்டார். அது பின்தெருவில் இருந்தது.

ஆகவே போன வருஷம் ஆடிக் கிருத்திகையன்று, சாமி தூக்கிக்கொண்டு வந்த கலியாணசுந்தரம் நடுத்தெருவில் தள்ளாடியபோது தெரு வருத்தப்பட்டது என்று எழுதினால் அது பொய்.

அந்தத் தெருவுக்கென்று சின்னதாக ஒரு முருகன் கோயில் உண்டு. கிருத்திகைக்கு முருகன் மயில் வாகனத்தில் புறப்படுவார். வாகனத்தைத் தாங்கும் மரத் தண்டுகளில், முன் தண்டின் வலப்பக்கம் கலியாணசுந்தரத்தின் அப்பா தோள் கொடுத்த இடம். அப்பாவுக்குப் பின் இவருடையது. தூக்குகிறவர்கள் திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னதாகவே கையில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். அதை அவிழ்க்கிற வரை கவிச்சி கூடாது, குடி கூடாது. கூடாததில் பாதி கலியாணசுந்தரத்துக்கு ஏற்கெனவே கிடையாது என்பதால், மற்றவர்கள் விரதம் இருக்கும்போது அவர் அதை மேற்பார்வை பார்ப்பார்.

அன்றைக்கு ஊர்வலம் தெருமுனையில் திரும்பியது. எல்லோரும் திரும்பினார்கள். கலியாணசுந்தரமும் திரும்பினார். அவரைச் சுற்றியிருந்த தெருவும் சேர்ந்து திரும்பியது. அவர் நின்ற பிறகும் அது நிற்கவில்லை. கால் பின்னியது. மயில் ஒருபக்கம் சாய்ந்தது. மேலே இருந்த குருக்கள் முருகனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். யார் யாரைக் காப்பாற்றியது என்பதில் இன்றுவரை தெருவில் இரண்டு கட்சி. பக்கத்தில் மாற்றாளாக நடந்து வந்த முத்துக்குமார் பாய்ந்து தோள் கொடுத்ததால் சாமி கீழே வராமல் தப்பியது.

தர்மகர்த்தா ராமராஜன் ஓடி வந்தார். ஜரிகை வியாபாரி, எதையும் உரசிப் பார்க்காமல் நம்பாதவர்.

"இன்னா கலியாணம், காப்பு கட்டிக்கினு இப்படியா?"

"தலை சுத்துச்சுப்பா."

"சுத்தாம? ஏத்திக்கினா சுத்தத்தானே செய்யும்."

"நானா? நானா குடிச்சேன்? வாயை மோந்து பாருய்யா!"

ஆத்திரத்தில் சொன்னதுதான். ராமராஜன் மோந்து பார்த்தார். புளித்த, தித்திப்பான, காட்டமான ஒரு வாசனை வந்தது.

அது அரிஷ்டம். சில மாதங்களாகவே எழுந்து நடந்தால் அவருக்குக் கிறுகிறுத்துக்கொண்டிருந்தது. பித்தம் என்று முடிவு கட்டிய மனைவி புவனேஸ்வரி, நாட்டு மருந்துக் கடை அரிஷ்டத்தை வேளைக்கு ஒரு மூடி ஊற்றிக் கொடுத்துவந்தாள். மருந்துதானே என்று அவரும் குடித்துவந்தார். இதை அவர் தெருவுக்குச் சொன்னார். "அரிஷ்டமாம்!" என்று தெரு சிரித்தது. குடிகாரர்கள் சொல்லும் காரணங்களையெல்லாம் சாக்கு என்று முப்பது வருஷமாகத் தள்ளிவந்தவர் அவர்தான். இப்போது அவர் சொன்னதும் அதே குப்பையில் போய் விழுந்தது.

அடுத்த வருஷம் முன் தண்டு முத்துக்குமாருக்கு என்று ராமராஜன் அங்கேயே அறிவித்துவிட்டார். முத்துக்குமார் குடிக்கிறவன்; கலியாணசுந்தரத்திடம் அதிகம் புத்தி கேட்டவனும் அவன்தான். ஆனால் காப்புக் கட்டிவிட்டால் தொட மாட்டான். வருஷமெல்லாம் குடித்துவிட்டுக் காப்புக்குத் தொடாதவன் அவன். வருஷமெல்லாம் தொடாமல் இருந்துவிட்டுக் காப்புக்கு... என்று மீதியைச் சொல்லாமல் விட்டது தெரு. சொல்லியிருந்தால் கலியாணசுந்தரம் சண்டையாவது போட்டிருப்பார்.

வேடிக்கை என்னவென்றால், தறிக்குழியில் உட்கார்ந்தால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. நாடா ஒழுங்காக ஓடும், கரை கோணாது. எழுந்தால்தான் வீடு ஆடும். ஆள் எழுந்திருக்கட்டும் என்று காத்திருக்கிற போதை எந்தக் கடையில் கிடைக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. இன்னொன்று, இடது காதில் போனை வைத்தால் பேச்சு விழாது. டவர் சரியில்லை என்று வலது காதுக்கு மாற்றுவார், டவர் சரியாகிவிடும்.

ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கும் மகள் திரிஷாதான் கடைசியில், "அப்பா, டவர் எல்லாம் நல்லா இருக்குது, உன் காதுதான் இல்ல" என்று சொல்லிக் காது டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே டாக்டர் மானஸா, கலியாணசுந்தரத்தின் மண்டையை வெட்டாமலே குறுக்காக வெட்டிய படத்தைத் திரையில் காட்டினார். காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி.

"பயப்படாதீங்க, கேன்சர் இல்ல. ஆனா வளர விடக் கூடாது. நாம நேரா நிக்கிறதுக்கு உதவுற நரம்பு இது. அதான் தள்ளாட்டம்."

கலியாணசுந்தரத்தின் முகம் மலர்ந்தது. மூளைப் பக்கத்தில் கட்டி என்று கேட்டு இப்படி மகிழ்ந்தவரை டாக்டர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

"குடிச்சா வர்றதாம்மா இது?"

"சேச்சே. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அத்த எழுதிக் குடுங்க."

"எதை?"

"சம்பந்தம் இல்லன்றதை. தமிழ்ல."

டாக்டர் எழுதவில்லை. ரேடியோ சர்ஜரி செய்யலாம் என்றார். பல பக்கத்திலிருந்தும் மெல்லிய கதிர்களை அந்தச் சுண்டைக்காய் மேல் மட்டும் குவிய வைப்பார்கள். கட்டி காணாமல் போகாது, வளராமல் நிற்கும். போன காது வருவது சந்தேகம். தள்ளாட்டம் மெல்லத்தான் குறையும். நடுவில் கொஞ்ச நாள் அதிகமானாலும் ஆகலாம்.

"எங்க அறுப்பீங்க?"

"அறுக்கிறதே இல்ல."

"சர்ஜரின்னீங்களே?"

"பேருதான் அப்படி. கத்தி கிடையாது."

"மொட்டை?"

"வேண்டாம்."

"கட்டாவது போடுவீங்களா? நல்லாப் பெருசா, தலையைச் சுத்தி?"

"சின்னதா பிளாஸ்டர். அடுத்த நாள் வீட்டுக்குப் போயிடலாம்."

கலியாணசுந்தரத்தின் முகம் வாடிவிட்டது. தலையைத் திறந்து செய்கிற ஆபரேஷனும் உண்டா என்று ஆவலோடு கேட்டார். "நீ சும்மா இரு" என்று புவனேஸ்வரி அதட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரை நீ என்று சொன்னது அதுவே முதல் தடவை.

அப்போதுதான் டாக்டர், வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். அரிஷ்டம் என்றாள் புவனேஸ்வரி.

"அதை நிறுத்திடுங்க. புளிக்க வெச்சு செய்றதில்லையா, கொஞ்சம் ஆல்கஹால் இருக்கும்."

கலியாணசுந்தரம் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். ஆக, தெரு போட்ட பழியில் ஒரு மூடி அளவுக்கு உண்மை இருந்திருக்கிறது.  காஞ்சிபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவர் சொன்னார்: "இத்த உங்க அண்ணன்கிட்டகூடச் சொல்லாதே."

மாசி மாதத்தில் ஒரு நாள் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காலையில் நெற்றியில் இரண்டு, பின்மண்டையில் இரண்டு என்று மரத்துப்போக ஊசி போட்டார்கள். வலித்த ஊசிகள் அவைதான். அப்புறம் உலோகத்தில் செய்த ஒரு சட்டத்தைத் தலையைச் சுற்றி வைத்து, அதே நான்கு இடங்களில் திருகாணி முடுக்கினார்கள். வலி இல்லை, தலையைப் பட்டறை இடுக்கியில் பூட்டின மாதிரி ஓர் அழுத்தம். கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். வாகனத்தில் ஏற்றுவதற்கு முன் உற்சவ மூர்த்தியைப் பலகையோடு சேர்த்து இறுக்கிக் கட்டுவார்கள். அத்தனை வருஷம் தாம் தோளில் சுமந்தவருக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. விபூதியை முன்பே துடைத்துவிட்டிருந்தார்கள். நெற்றி அவருக்கே அன்னியமாகத் தெரிந்தது.

"அப்பா, சிரி" என்று திரிஷா போட்டோ எடுத்தாள்.

"சிரிச்சா ஆபரேஷன்னு எவன் நம்புவான்?" என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

சட்டத்தோடு ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு டாக்டர்கள் கம்ப்யூட்டரில் நெடுநேரம் கணக்குப் போட்டார்கள். சேலையில் புட்டா போடுவதற்கு முன் டிசைனைக் கட்டம் கட்டமாக வரைவது போலத்தான் இதுவும் என்று கலியாணசுந்தரம் அங்கிருந்த நர்ஸுக்கு விளக்கினார். நர்ஸுக்குப் புரிந்ததோ இல்லையோ, திரும்பத் திரும்ப வந்து, பேசாமல் படுத்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசியில் இயந்திரத்தின் படுக்கையில் படுக்க வைத்துச் சட்டத்தை அதோடு பூட்டினார்கள். பாட்டுப் போடலாம், என்ன வேண்டும் என்று கேட்டார்கள். "மல்லாரி" என்றார். சாமி புறப்படும்போது நாகஸ்வரத்தில் வாசிப்பது. தேடிப் பிடித்துப் போட்டார்கள். எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். படுக்கை மெல்ல உள்ளே போனது.

ஒன்றுமே நடக்கவில்லை. சூடு இல்லை, வலி இல்லை, வெளிச்சம்கூட இல்லை. வலது காதில் மட்டும் மல்லாரி. தோள் தானாகத் தண்டைத் தேடியது. தலையை இம்மியும் அசைக்க முடியாது. அங்கே அவருக்குப் பயம் வந்தது. சாவதைப் பற்றி அல்ல. எல்லோரும் ஒருநாள் போகிறவர்கள்தான். இப்போது போனால், குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தான் என்று பாடை தூக்கும்போது பேசிக்கொள்வார்கள். தூக்குகிறவர்களில் முத்துக்குமாரும் இருப்பான். "முருகா, காது போனா போகட்டும், பேரைக் குடுத்துடு" என்று வேண்டிக்கொண்டார். மல்லாரி முடிந்து, மறுபடி முதலிலிருந்து வந்தது. அது முடிவதற்குள் படுக்கை வெளியே வந்துவிட்டது.

"முடிஞ்சுது" என்றார் டாக்டர்.

"ஆரம்பிச்சீங்களா?" என்றார் கலியாணசுந்தரம்.

மறுநாள் அவர் தெருவுக்குள் நுழைந்தபோது தெரு வாசலுக்கு வந்து நின்றது. மூளையில் ஆபரேஷன் என்று புவனேஸ்வரி அழுதுகொண்டு போனதைப் பார்த்தவர்கள் அவர்கள். நெற்றியில் இரண்டு பக்கமும் பொட்டு அளவுக்குப் பிளாஸ்டர். தலையில் முழு முடி. கையில் வாட்டர் பாட்டில். நடை மட்டும் முன்னைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தள்ளாடியது.

"ஆபரேஷன் எங்கப்பா?" என்று கேட்டார் ராமராஜன்.

"உள்ள."

"உள்ளன்னா? வழி எங்க?"

"வழியே இல்லாமத்தான். கதிரு வெச்சு."

ராமராஜன் தலையின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். ஜரிகைக்காரரின் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

கலியாணசுந்தரம் ஃபைலைக் காட்டினார். "ஃபைல் இருந்தா குடிக்கலன்னு ஆயிடுமா ண்ணா? என்கிட்ட ரெண்டு இருக்குது" என்றான் முத்துக்குமார். சட்டம் மாட்டிய போட்டோவைக் காட்டினார். கடைசி வீட்டு லோகேஷ் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, "சூப்பரா இருக்குது பெரிப்பா. எந்த ஏஐ-ல போட்டீங்க?" என்று கேட்டான்.

நெற்றியில் திருகாணி பட்ட தழும்பு இருந்தது. ஆனால் மூன்று பட்டையாக விபூதி பூசினால் அது மறைந்துவிடும். பூசாமல் இரண்டு நாள் நடமாடிப் பார்த்தார். "பாவம், விபூதிகூட வெக்காத அளவுக்குப் போயிட்டாரு" என்று பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் சாட்சியை மறைத்துக்கொண்டு பக்தியைக் காப்பாற்றினார்.

கடைசியாக ஒரு யோசனை தோன்றியது. பின்மண்டையில் இரண்டு தழும்பு இருக்கிறதே; முடிதானே மறைக்கிறது. தலை ஆபரேஷன் என்றால் மொட்டை என்றுதான் இவர்களுக்குத் தெரியும். சரி, மொட்டையாகவே ஆகிவிடலாம். புண் நன்றாக ஆறின பிறகு, பங்குனியில், புவனேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு திருத்தணிக்குப் போய் முடி இறக்கினார். வேண்டுதல் என்று அவளிடம் சொன்னார். முருகனுக்கும் அதையே சொன்னார்.

தெரு அந்த மொட்டையைப் பார்த்த மாத்திரத்தில் எல்லாம் விளங்கிக்கொண்டது.

"குடியை விடறதுக்குத் திருத்தணிக்கு வேண்டிக்கினியா? அத்தச் சொல்றதுக்கு இன்னா? ஆபரேஷன், கதிருன்னு எதுக்குப்பா இவ்ளோ சுத்து?" என்றார் ராமராஜன். "போனவன் பஞ்சாமிர்தமாவது வாங்கிக்கினு வந்திருக்கலாம்."

மொட்டை சொன்ன பொய் பலிக்கவில்லை. பலிக்காததோடு, சொன்ன உண்மையையும் கூட இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஆனி மாதத்தில் ஓரிக்கையில் உறவுக்காரக் குழந்தைக்குக் காதுகுத்து. முடிந்து, பொழுது சாய ஷேர் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தார் கலியாணசுந்தரம். வழியில் போலீஸ் வண்டிகளை நிறுத்தி ஊதச் சொல்லிக்கொண்டிருந்தது. வரிசையில், தன் மொபெட்டைப் பிடித்துக்கொண்டு, அல்லது அது அவனைப் பிடித்துக்கொண்டு நிற்க, முத்துக்குமார் இருந்தான். எஸ்.ஐ. கையில் அந்தக் கருவி.

கலியாணசுந்தரம் ஆட்டோவிலிருந்து இறங்கினார். இறங்கிய வேகத்தில் இரண்டு எட்டுத் தள்ளாடினார்.

"சார், நானும் ஊதணும்."

எஸ்.ஐ. ஏற இறங்கப் பார்த்தார். "நீ வண்டி ஓட்டினியா?"

"இல்ல சார், ஆட்டோல வந்தேன்."

"அப்புறம் இன்னாத்துக்குய்யா ஊதற? அவனவன் பயந்து ஓடறான்."

"ஒரே ஒரு வாட்டி சார். பேரு போயிடுச்சு."

மொட்டை, தள்ளாட்டம், கும்பிட்ட கை. போதையில் இது புது ரகம் என்று எஸ்.ஐ.க்குத் தோன்றியிருக்க வேண்டும். புதுக் குழல் ஒன்றை மாட்டி நீட்டினார். கலியாணசுந்தரம் முருகனை நினைத்துக்கொண்டு ஊதினார். காதுகுத்து வீட்டில் ஜீரண பானம் என்று ஏதோ கொடுத்தார்களே என்று பாதி ஊதும்போது ஞாபகம் வந்தது. ஊதுவதை நிறுத்த வழியில்லை.

ஜீரோ.

எஸ்.ஐ. கருவியைத் தட்டினார். மறுபடி ஊதச் சொன்னார். ஜீரோ. "மெஷின் போயிடுச்சா?" என்று சந்தேகப்பட்டு, குழலை மாற்றி, அடுத்து நின்ற முத்துக்குமாரிடம் நீட்டினார். முத்துக்குமார் ஊதினான். கருவி பதறிப்போய்க் கூவியது.

"மெஷின் சரியாத்தான் இருக்குது" என்றார் எஸ்.ஐ.

முத்துக்குமாரின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. "ண்ணா! ஆடிக்கினே ஜீரோவா?"

எழுதிக் கொடுங்கள் என்று கலியாணசுந்தரம் எஸ்.ஐ.யிடமும் கேட்டுப் பார்த்தார். உள்ளே வைத்துவிடுவேன் என்று சொன்ன பிறகுதான் ஆட்டோவில் ஏறினார்.

மறுநாள் டீக்கடையில் முத்துக்குமார் சொன்னான். தன்னுடைய அபராதத்தையும் மறைக்காமல் சேர்த்தே சொன்னான். "அண்ணன் சுத்தம். நான் பார்த்தேன். நிக்க முடியல, ஆனா ஜீரோ. அது நோவுதான்." தெரு நம்பியது. பெரிய ஆஸ்பத்திரியின் ஃபைலை நம்பாத தெரு, போட்டோவை நம்பாத தெரு, குடிகாரன் சொன்னதை உடனே நம்பியது. காரணம் இருந்தது: முத்துக்குமார் வேறு எதில் பொய் சொன்னாலும் குடி விஷயத்தில் சொன்னதே இல்லை.

ஆடி பிறந்தது. ராமராஜன் வீடு தேடி வந்தார். "முன் தண்டு உன்னுதுதான் கலியாணம். மனசுல வெச்சுக்காதே."

ஒரு வருஷமாக அவர் காத்திருந்த வார்த்தை. கலியாணசுந்தரம் சரி என்று சொல்ல எழுந்தார். எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். அடுத்த ஸ்கேன் பார்க்கிற வரைக்கும் பாரம் தூக்கக் கூடாது, தலையை வெடுக்கென்று திருப்பக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. தூக்கினால் சாமி சாயும், தூக்காவிட்டால் சாயாது. இது புரிவதற்கு ஆஸ்பத்திரி வேண்டியதில்லை.

"முத்துவே பிடிக்கட்டும்" என்றார். "நான் பக்கத்துல வரேன். அவனுக்குக் காப்பு கட்டின நாள்லேருந்து தெனம் சாயங்காலம் என் வீட்டுக்கு அனுப்பு."

"எதுக்கு?"

"புத்தி சொல்லத்தான்."

பத்து நாளும் முத்துக்குமார் வந்து உட்கார்ந்து கேட்டான். குடியை விட்ட கை நடுங்கியது. ஓடிப்போகப் பின்தெருவும் உதவவில்லை.

கிருத்திகையன்று மல்லாரி முழங்க மயில் கிளம்பியது. முன் தண்டில் முத்துக்குமார். அவன் தோளில் கையை வைத்துக்கொண்டு, காதில் விழுகிற வலப்பக்கம் அவனிருக்கும்படி, கலியாணசுந்தரம். தெரு அவரை மரியாதையாகப் பார்த்தது. அவரும் அதை வீடு வீடாக வாங்கிக்கொண்டே வந்தார். தெருமுனை நெருங்கியது.

"ண்ணா, ஒண்ணு கேக்கட்டா?" என்றான் முத்துக்குமார், குரலைத் தாழ்த்தி.

"கேளு."

"அந்த அரிஷ்டம் வீட்ல இன்னும் இருக்குதா?"

"எந்த அரிஷ்டம்டா?"

"போன வருசம் இதே மொனையில வாசனை வந்துச்சே. எனக்குத் தெரியாதா? கடை லீவுன்னா நாங்க அத்தத்தானே வாங்குவோம்."

"அன்னிக்கே தெரியுமா? அப்ப ஏன்டா சொல்லல?"

"யாரு கேட்டாங்க? முன் தண்டு வேற குடுத்துட்டாங்க." மூச்சு வாங்கிக்கொண்டான். "இருந்தா சொல்லு ண்ணா. காப்பு அவுத்ததும் ஒரு மூடி. கை ரொம்ப நடுங்குது."

முப்பது வருஷமாக எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தவர், காது கேட்காதவர் போல முகத்தை வெடுக்கென்று மறுபக்கம் திருப்பிக்கொண்டார். திருப்பக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெரு சுழன்றது. முத்துக்குமாரின் தோளை இறுகப் பிடித்தார். ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்த தோள் இடப்பக்கம் சாய்ந்தது, சமாளித்து வலப்பக்கம் வந்தது, மறுபடி இடப்பக்கம். மேலே மயில், தோகை அசைய, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒய்யாரமாக ஆடிக்கொண்டே முனையைத் திரும்பியது.

கூட்டம் வாயைப் பிளந்தது. "அடடா, இந்த வருசம் மயில் நடையப் பாரேன்!"

"சும்மாவா?" என்றார் ராமராஜன். "பத்து நாளா வீட்ல வெச்சுப் பழக்கியிருக்காரு கலியாணம்."

கலியாணசுந்தரம் வலது காதைக் கூட்டத்தின் பக்கம் நன்றாகத் திருப்பி வைத்துக்கொண்டு நடந்தார்.